கடலடியில் கரைந்த அறிவு

1943ஆம் ஆண்டு ஏப்பிரல் மாத இறுதியில், மடகஸ்கார் தீவுக்குத் தென்கிழக்கே, இந்து சமுத்திரத்தில் இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் சந்தித்தன. ஒன்று ஜேர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து வந்த யு-180. மற்றையது மலாயாவின் பினாங்கிலிருந்து வந்த யப்பானியக் கப்பலான ஐ-29. கடல் கொந்தளித்துக் கொண்டிருந்தது. கப்பலோடு கப்பல் அணைந்து நிற்க இயலவில்லை. ரப்பர்த் தோணி ஒன்றின் மூலமே ஆட்கள் மாற்றப்பட்டனர். ஜேர்மன் கப்பலை விட்டு, அலையில் நனைந்தபடி யப்பானியக் கப்பலில் ஏறியவர்கள் இருவர்: சுபாஷ் சந்திர போஸும் அவருடைய உதவியாளரான ஆபிட் ஹசனும். இந்தக் கதையை அறியாத வாசகர் நம்மில் இலர் எனலாம்.

ஆனால் அன்று எதிர்த்திசையிலும் இருவர் சென்றனர். யப்பானியக் கப்பலை விட்டு ஜேர்மன் கப்பலில் ஏறிய அவ்விருவரில் ஒருவர் எமி தெத்சுஷிரோ என்ற கடற்படை அதிகாரி. மற்றவர் தொமோநாகா ஹிதேயோ. யப்பானியக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பற் பொறியியலாளர். போஸ் கிழக்கு நோக்கி வந்தார், சரித்திரத்தில் இடம்பெற்றார். தொமோநாகா மேற்கு நோக்கிச் சென்றார். மீண்டும் தாய்நாட்டு மண்ணை மிதிக்கவில்லை. நம் பாடநூல்களில் அவர் பெயர் ஒரு வரியிலேனும் இல்லை.

அந்நிய நாட்டுக் கடற்படை அதிகாரி ஒருவரைப் புகழ்ந்துரைப்பது நமது நோக்கமன்று. அவர் பணிபுரிந்த அரசு ஆசிய மக்களின் முதுகில் சவுக்கடி பதித்த அரசு என்பதை நாம் மறந்தோமல்லோம். எனினும் அவருடைய வாழ்வு நம் முன் ஒரு கேள்வியை வைக்கின்றது. அறிவு யாருக்கு ஊழியம் செய்கின்றது? மாணவருக்கு விஞ்ஞானம் போதிக்கும் எவரும் இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது.

நமது கரையில் அந்த யுத்தம்

களனி கங்கையின் வடகரையில், கண்டி வீதியும் புத்தளம் வீதியும் பிரிகின்ற பேலியகொடையிலிருந்து இதனை எழுதுகின்றோம். கொழும்புத் துறைமுகம் இங்கிருந்து சில மைல் தூரமே. 1942 ஏப்பிரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலையில், யப்பானிய விமானங்கள் அத்துறைமுகத்தைத் தாக்கின. ஹெக்டர், டெனெடோஸ் என்ற இரு கப்பல்கள் துறைமுகத்திலேயே மூழ்கின. பிரித்தானிய நீர்மூழ்கிகளுக்குத் தாய்க்கப்பலாக நின்ற லூசியாவும் குண்டடிபட்டது. அன்றே தென்கடலில் கோர்ன்வால், டோர்செற்ஷயர் என்ற இரு போர்க்கப்பல்கள் மூழ்கி 424 பேர் மாண்டனர். நான்கு நாட்களின் பின் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் கடலடி சேர்ந்தது. கொழும்பு மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாடு நோக்கி வெளியேறினர்.

விமானங்கள் வந்து போய்விட்டன. நீர்மூழ்கிகளோ போகவில்லை. பினாங்கு யப்பானிய நீர்மூழ்கிகளின் தளமாயிற்று. பின்னர் ஜேர்மன் நீர்மூழ்கிகளும் அங்கு வந்து தங்கின. இலங்கையைச் சுற்றிச் செல்லும் கப்பற்பாதைகள் யாவும் அவற்றின் வேட்டைக்களமாயின. மறுபுறத்தில் கொழும்பும் திருகோணமலையும் பிரித்தானிய, ஒல்லாந்த நீர்மூழ்கிகளின் தளங்களாயின. நம் மீனவர் வலை வீசிய அதே கடலின் அடியில், ஒருவரையொருவர் காணாமலே கொன்றனர் இரு தரப்பினரும்.

இந்த மறைந்த யுத்தத்தின் கருவிகளைத் திருத்தி அமைத்தவர்களுள் ஒருவரே தொமோநாகா. 1908ஆம் ஆண்டு பிறந்தவர். ரோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்திலே கப்பற் கட்டுமானம் கற்றுக் கடற்படையிற் சேர்ந்தவர். அவருடைய திறமை எத்தகையது என்பதை உணர வேண்டுமாயின், நீர்மூழ்கி என்னும் எந்திரத்தின் அடிப்படைச் சிக்கலை முதலில் அறிய வேண்டும்.

நீருக்குள் அசையாது நிற்பது எப்படி?

ஆர்க்கிமிடீசின் தத்துவத்தை நம் மாணவர் அனைவரும் ஒப்புவிப்பர். நீரில் அமிழ்ந்த பொருள், தான் விலக்கிய நீரின் எடைக்குச் சமமான மேலுதைப்பைப் பெறும். நீர்மூழ்கி தன் தொட்டிகளில் நீரை நிரப்பி அமிழ்கின்றது. அழுத்திய காற்றால் நீரை வெளியேற்றி மேலெழுகின்றது. ஆகவே எடையும் மேலுதைப்பும் சமமானால் அது நீரின் நடுவே சும்மா நிற்கும் என்று மாணவன் விடை எழுதுவான். ஏட்டில் அது சரி. கடலில் அது நடப்பதில்லை.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. கப்பல் சிறிது கீழிறங்கினால், கூடிய அழுத்தம் அதன் உருக்கு உடலைச் சிறிது நெருக்குகின்றது. உடல் நெருங்கினால் அது விலக்கும் நீரும் குறையும், மேலுதைப்பும் குறையும், கப்பல் மேலும் இறங்கும். மேலெழுந்தாலோ இதற்கு நேர்மாறு. மலையுச்சியில் வைத்த உருண்டைக் கல்லைப் போன்றது இந்தச் சமநிலை. எப்பக்கம் அசைந்தாலும் அப்பக்கமே உருளும். கசிந்து உட்புகும் நீரும், இடத்துக்கிடம் மாறும் கடல்நீரின் உப்பும் வெப்பமும் இந்தச் சிக்கலை இன்னும் பெருக்கும்.

ஆதலால் அக்கால நீர்மூழ்கி மெதுவாகவேனும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஓடினாற்றான் அதன் பக்கத் தகடுகள் நீரை உதைத்து ஆழத்தைக் காக்க முடியும். ஓடுவதற்கு மின்சாரம் வேண்டும்; மின்கலவடுக்கின் சக்தியோ அளவுக்குட்பட்டது. ஓடினால் சுழல்விசிறியின் ஓசை கேட்கும். மேலே காத்திருக்கும் போர்க்கப்பல் அந்த ஓசையைச் செவிக்கருவி கொண்டு கேட்கும். கேட்டவிடத்தில் வெடிகுண்டு விழும். உள்ளே இருக்கும் பல பத்து மனிதர்களின் உயிர், ஓசையெழாமல் ஓரிடத்தில் நிற்பதிலே தங்கியிருந்தது.

தொமோநாகா ஆக்கிய தன்னியக்கக் கருவி இச்சிக்கலுக்கு விடை கண்டது. ஆழம் மாறுகின்றபோது நீரழுத்தமும் மாறுகின்றதல்லவா? எதிரியாக நின்ற அந்த அழுத்தத்தையே அவர் சாட்சியாக்கினார். கப்பல் சிறிது இறங்கினால், கருவி அதனை உணர்ந்து தொட்டியிலிருந்து சிறிது நீரை வெளியேற்றும்; சிறிது எழுந்தால், சிறிது நீரை உள்ளே விடும். மனிதக் கை படாமலே இவ்வேலை தொடர்ந்து நடக்கும். விசிறியை நிறுத்திவிட்டு, மின்சாரத்தை மிச்சப்படுத்தி, கப்பல் நீரின் நடுவே ஓசையின்றித் தொங்கி நிற்கலாம்.

அவருடைய இரண்டாவது ஆக்கமும் இத்தகையதே. நீர்மூழ்கியின் எரியெண்ணெய்த் தொட்டிகள் பெரும்பாலும் உறுதியான உள்ளுடலுக்கு வெளியே அமைந்தவை. வெடிகுண்டின் அதிர்ச்சியில் அவற்றில் வெடிப்புக் கண்டால் எண்ணெய் மெல்லக் கசிந்து நீர்ப்பரப்பில் மிதக்கும். அந்த எண்ணெய்ப் படலமே எதிரிக்கு வழிகாட்டியாகும். தொட்டியின் உள்ளழுத்தத்தை வெளிக்கடலின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைத்து வைத்தால், எண்ணெய் வெளியே வாராது. கடல்நீரே உள்ளே வரும். எளிய கருத்து. ஆனால் எளிய கருத்தை எட்டுவதற்குத்தான் எத்துணை உழைப்பு வேண்டும் என்பதைத் தொழிற்சாலையில் நின்றவர் அறிவர். இவ்விரு ஆக்கங்களுக்காகவும் யப்பானியக் கடற்படை அவரைப் பாராட்டிச் சிறப்பித்தது.

இவ்வளவில் நிறுத்தினால், மாலுமிகளின் உயிர் காத்த மேதை ஒருவரின் கதையாக இது முடியும். அவ்வளவில் நிறுத்துவதற்கு நமக்கு மனச்சான்று இடந்தரவில்லை.

தொங்கி நிற்பவனும் மூழ்குகின்றவனும்

1944 பெப்ரவரி 12ஆம் திகதி பிற்பகல். மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கி ஒரு கப்பலணி வந்துகொண்டிருந்தது. மாலைதீவுக்கு அருகில், ஐ-27 என்ற யப்பானிய நீர்மூழ்கி அதிலிருந்த கெடீவ் இஸ்மாயில் என்ற கப்பலை டோர்ப்பிடோவால் அடித்தது. சில நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கியது. அதில் வந்த 1,500 பேருக்கு மேற்பட்டோரில் 1,297 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையைச் சேர்ந்த கறுப்பினத்தவர். யாருடைய யுத்தத்துக்கோ கப்பலேற்றப்பட்டவர்கள். தாதியர் முதலான பெண்கள் 77 பேரும் இறந்தனர்.

அதன் பின் நிகழ்ந்தது இன்னும் கொடிது. தப்பியோர் நீரில் மிதந்துகொண்டிருந்தனர். அவர்களுக்கு அடியிலே நீர்மூழ்கி பதுங்கிக்கொண்டது. அதனை அழிக்க வந்த பெற்றாட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல், மிதந்துகொண்டிருந்த தன் தரப்பு மனிதர்களிடையேயே ஆழவெடிகளைப் போட்டது. இறுதியில் ஐ-27உம் அழிந்தது. அதிலிருந்து பிழைத்தவர் ஒரே ஒருவர். ஓசையின்றி மறைந்து நிற்கும் ஆற்றல் என்பது மேலே மிதக்கும் மனிதனுக்கு என்ன பொருள் தருகின்றது என்பதை அந்தப் பிற்பகல் காட்டிற்று.

இதனை யப்பானியரின் கொடுமை என்று மட்டும் எழுதி முடித்துவிடலாகாது. அதே 1944 செப்டெம்பரில், நமது திருகோணமலையிலிருந்து ட்ரேட்விண்ட் என்ற பிரித்தானிய நீர்மூழ்கி புறப்பட்டது. 18ஆம் திகதி சுமாத்திராவின் மேற்குக் கரையோரத்தில் ஜுன்யோ மாரு என்ற யப்பானியக் கப்பலை அது மூழ்கடித்தது. அக்கப்பலிலே இருந்தவர்கள் யார்? ஏறக்குறைய 4,200 யாவாத் தொழிலாளர்; 2,300 போர்க்கைதிகள். சுமாத்திராவின் காட்டிலே ரயில்பாதை போடுவதற்காக அடிமைகளைப் போல அள்ளிச் செல்லப்பட்டவர்கள். 5,600 பேருக்கு மேல் இறந்தனர். பெரிஸ்கோப்பில் கண்வைத்திருந்த தளபதி ஒரு கப்பலைக் கண்டார். அதன் வயிற்றில் அடைபட்டிருந்த மனிதரைக் காணவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மடிந்தோர் யார் என்று பாருங்கள். ஆபிரிக்க உழவனின் மகன்; யாவாவின் கூலி. யுத்தத்தைத் தொடங்கியவரும் அவர்களல்லர். அதனால் இலாபம் அடையவிருந்தவரும் அவர்களல்லர்.

அச்சு நாடுகளின் இரகசியப் பாதை

இனித் தொமோநாகாவின் பயணத்துக்கு வருவோம். ஜேர்மனிக்கும் யப்பானுக்கும் இடைப்பட்ட நிலப்பாதை, 1941இல் ஹிற்லர் சோவியத் யூனியனைத் தாக்கியதும் அடைபட்டது. கடற்பரப்போ நேச நாடுகளின் கையில். எஞ்சியது கடலின் அடி. இரப்பர், தகரம், பொன், கொயினா முதலியவை கிழக்கிலிருந்து மேற்கே சென்றன. ஆயுதங்களின் வரைபடங்களும் நுட்பக் கருவிகளும் மேற்கிலிருந்து கிழக்கே வந்தன. பண்டமாற்றில் மனிதரும் பண்டமாயினர். யு-180 ஓர் அரசியல் தலைவரைக் கொடுத்தது. ஒரு பொறியியலாளரைப் பெற்றுக்கொண்டது. இரண்டு தொன் பொன்னும் அத்தோடு கைமாறிற்று.

யு-180 என்ற அக்கப்பலே பொறியியலுக்கு ஒரு பாடம். வேகத்தை நாடி, சிறு தாக்குதற் படகுகளுக்குரிய ஆறு டீசல் எந்திரங்களை அதில் பொருத்தியிருந்தனர். அவை சூடேறின, எண்ணெயைக் குடித்தன, தொலைவிலிருந்தே தெரியும்படி புகை கக்கின. மறைந்து வாழ வேண்டிய கப்பல் தன் புகையாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும் நிலை. பின்னர் அவ்வெந்திரங்களைக் களைய வேண்டியதாயிற்று.

போஸ் பயணஞ் செய்தபோது, ஏப்பிரல் 18ஆம் திகதி, தென்னாபிரிக்காவுக்கு அப்பால் கோர்பிஸ் என்ற பிரித்தானிய எண்ணெய்க் கப்பலை யு-180 மூழ்கடித்தது. தொமோநாகா பயணஞ் செய்தபோது, யூன் 3ஆம் திகதி, போரிஸ் என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்தது. இருவரும் பிரயாணிகளே; ஆயினும் இருவர் செவியிலும் அந்த வெடியோசை விழுந்திருக்கும்.

1943 யூலை மாதத் தொடக்கத்தில் போஸ் சிங்கப்பூரில் வந்திறங்கினார். அதே நாட்களில் தொமோநாகா பிரான்சின் போர்தோ துறைமுகத்தில் இறங்கினார். அங்கே, மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் பெண்மக்களும் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். இரப்பர்ப் பால் வெட்டிய கைகள் துப்பாக்கி ஏந்தின. வாழ்நாளில் முதன்முறையாகத் தம்மைக் கூலி என்று அழைக்காத ஒரு குரலை அவர்கள் கேட்டனர். அந்த எழுச்சியை நாம் குறைத்து மதிப்பிடோம். ஆனால் அதே 1943இல், அதே தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் சயாம்-பர்மா ரயில்பாதையிலே வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் இரையாகிப் பதினாயிரக்கணக்கில் மாண்டனர். ஒரு கையால் விடுதலை வாக்குறுதி. மறு கையால் சவக்குழி. போஸின் நாட்டுப்பற்றை ஐயுறுவார் இலர். அவர் நம்பிய துணையை ஐயுற நமக்கு எல்லா உரிமையும் உண்டு.

அந்தத் துணையை நம்பி நீர்மூழ்கியில் ஏறியோர் போஸுக்கு முன்பும் இருந்தனர். 1942 செப்டெம்பரில் பினாங்கிலிருந்து யப்பானிய நீர்மூழ்கி ஒன்று இளைஞர் சிலரை மலையாளக் கரையில், தானூருக்கருகே இறக்கிவிட்டது. இறக்கிவிட்டது அவ்வளவே, காக்கவில்லை. அவர்களுள் ஒருவரான வக்கம் அப்துல் காதர், 1943 செப்டெம்பர் 10ஆம் திகதி சென்னைச் சிறையில் பிரித்தானியரால் தூக்கிலிடப்பட்டார். இளைஞரைக் கரையில் விட்டுத் திரும்பி மூழ்கிவிடும் எந்திரத்துக்கு, அவர்கள் கதி என்னாயிற்று என்பது கேள்வியேயன்று.

அடிமைகளின் கையால் ஆன எந்திரம்

தொமோநாகா ஐரோப்பாவிலே ஏறக்குறைய இரண்டாண்டுகள் இருந்தார். ஜேர்மன் நீர்மூழ்கிக் கட்டுமானத்தைக் கற்றார். யப்பானின் நுட்பங்களை அவர்களுக்கு அறிவித்தார். அக்காலத்தில் ஜேர்மனியர் புதுமாதிரியான நீர்மூழ்கி ஒன்றை ஆக்கிக்கொண்டிருந்தனர். பழைய கப்பல்களைவிடப் பன்மடங்கு மின்சக்தி கொண்டது. நீரின் மேலே ஓடுவதைவிட அடியிலே விரைவாக ஓட வல்லது. அதன் உடலைத் தனித்தனிப் பகுதிகளாகப் பல தொழிற்சாலைகளிற் செய்து, பின்னர் ஓரிடத்தில் ஒன்றாகப் பொருத்தினர். இன்றைய நீர்மூழ்கிகள் யாவும் அந்த மாதிரியின் வழிவந்தவை என்று கூறலாம்.

இதனைப் பொறியியலின் வெற்றி என்று நூல்கள் எழுதுகின்றன. அந்த வெற்றியின் அடித்தளத்தையும் நாம் பார்த்தல் வேண்டும். பிறேமன் நகருக்கருகே பார்கே என்னுமிடத்தில், இக்கப்பல்களைப் பொருத்துவதற்கென வாலென்ரின் என்ற பெயரில் மாபெரும் கொங்கிறீற் கோட்டை ஒன்றை எழுப்பினர். 1943 தொடக்கம் 1945 வரை அங்கு வேலை செய்தோர் பெரும்பாலும் வதைமுகாம்க் கைதிகளும், போர்க்கைதிகளும், பிடித்துக் கொணரப்பட்ட அந்நியத் தொழிலாளருமே. சீமெந்து மூட்டை சுமந்து, பட்டினி கிடந்து, பல நூற்றுவர் அல்ல, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு உயிர்விட்டனர். அக்கோட்டையிலிருந்து ஒரு கப்பலேனும் கடலில் இறங்கவில்லை. சயாமிய வனத்தின் தண்டவாளமும் பிறேமன் நகரத்துக் கொங்கிறீற்றும் ஒரே தத்துவத்தின் இரு வடிவங்கள்: மனிதன் மலிவு, எந்திரம் அரிது.

இதற்கிடையில், அந்த ஏப்பிரல் மாதத்திற் சந்தித்த இரு கப்பல்களும் மறைந்தன. ஐ-29, பிரான்சு வரை சென்று ஜேர்மன் ஜெட் எந்திரத்தின் வரைபடங்களோடு சிங்கப்பூருக்கு மீண்டது. அங்கிருந்து யப்பான் செல்லும் வழியில், 1944 யூலை 26ஆம் திகதி, லூசோன் நீரிணையில் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று அதனை அடித்தது. பிழைத்தவர் ஒருவரே. யு-180, 1944 ஆகஸ்டில் பிஸ்கே விரிகுடாவில் எவரும் மீளாமல் அழிந்தது.

இறுதிப் பயணம்

1945 மார்ச்சில், ஜேர்மனி நாலாபுறமும் நொறுங்கிக்கொண்டிருந்த வேளையில், யு-234 என்ற பெரிய நீர்மூழ்கி கீல் துறைமுகத்தை விட்டு யப்பான் நோக்கிப் புறப்பட்டது. நோர்வேயில் தங்கி, ஏப்பிரல் நடுப்பகுதியில் கடலில் இறங்கிற்று. கண்ணிவெடி இடுவதற்கெனக் கட்டிய கப்பல். இப்போது சரக்குக் கப்பல். ஜெட் விமானத்தின் பாகங்கள், வரைபடங்கள், நுட்பக் கருவிகள் ஆகியவற்றோடு 560 கிலோ யுரேனியம் ஒட்சைட்டும் அதில் இருந்தது. பிரயாணிகளுள் தொமோநாகாவும், விமானப் பொறியியலாளரான ஷோஜி கென்சோவும் இருந்தனர். அவ்விருவரும் அந்த யுரேனியப் பொதிகளின் மீது தம் கையால் அடையாளம் எழுதியதைக் கண்டதாக, கப்பலின் வானொலி இயக்குநராயிருந்த ஹேர்ஷ்பெல்ட் பின்னாளில் எழுதினார்.

நடுக்கடலில் செய்தி வந்தது: ஜேர்மனி சரணடைந்துவிட்டது. கப்பற்றலைவர் பேலர் ஆலோசித்தார். அமெரிக்கரிடம் சரணடைவது என முடிவாயிற்று. யப்பானுக்கோ யுத்தம் இன்னும் முடியவில்லை. நேற்றுவரை விருந்தினராயிருந்த இரு யப்பானியரும் ஒரே நாளில் கைதிகளாயினர்.

அவர்கள் சினந்தெழவில்லை. தம் உடைமைகளை மாலுமிகளுக்குப் பகிர்ந்தளித்தனர். இரகசியத் தாள்களைக் கடலில் எறிந்தனர். தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தனர். தமது உடல்களைக் கடலிலேயே அடக்கம் செய்யுமாறு வேண்டினர். பின்னர் தூக்கமருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டு படுத்தனர். அவர்கள் வேண்டியபடியே உடல்கள் கடலில் விடப்பட்டன. மே 14ஆம் திகதி யு-234 சற்றன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிடம் சரணடைந்தது. தொமோநாகாவுக்கு அப்பொழுது வயது 36.

மூன்று மாதங்களுக்குள், ஆகஸ்டு 6ஆம் திகதி, ஹிரோஷிமா எரிந்தது. யுரேனியத்தைத் தன் நாட்டுக்குக் கொண்டுசேர்க்க முயன்றவன் கடலடியில். அந்த நாட்டின் மக்கள் யுரேனியக் குண்டின் தீயில்.

எதனை நாம் கற்கின்றோம்?

இவ்விடத்திலே இருவகைத் தீர்ப்புகள் நம் நாவில் எழக்கூடும். ஒன்று, கடமைக்காக உயிர்நீத்த வீரன் என்ற புகழ். மற்றது, பாசிசத்தின் ஏவலாள் என்ற இகழ். இரண்டும் எளியவை, இரண்டும் நம்மைச் சிந்திக்க விடாதவை.

தொமோநாகா தம் கையால் எவரையும் வதைத்தவரல்லர். அழுத்தத்தை அளந்தார், வால்வைத் திருத்தினார், மாலுமிகள் மூச்சடங்காமல் மீள வழி கண்டார். அவருடைய அறிவு நேர்மையானது. அந்த அறிவு அமர்ந்திருந்த கப்பலே நேர்மையற்றது. எத்தனை மீற்றர் ஆழம் என்று அவர் ஓயாமல் கேட்டார். யாருடைய கப்பல் என்ற கேள்வியைக் கேட்டதற்கு அவர் விட்டுச்சென்ற செயலில் சான்றில்லை. அந்தக் கேள்வியைக் கேளாத திறமை, திசைகாட்டியற்ற விசைப்படகைப் போன்றது. விசை பெருகப் பெருக, பாறையில் மோதும் வேகமே பெருகும்.

இரு தரப்பாரும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஹிற்லரியம் முறியடிக்கப்பட்டது மனிதகுலத்தின் பேறு. ஆயினும் முறியடித்தோர் கையிலும் ஜுன்யோ மாருவும் ஹிரோஷிமாவும் இருக்கின்றன என்பதை மறைப்பது சரித்திரமாகாது. பாசிசத்தை எதிர்ப்பதற்கும், அறிவைப் படைத்துறையின் காலடியில் கிடத்துவதை எதிர்ப்பதற்கும் தேவையான நெஞ்சுரம் ஒன்றே.

கற்றோர் இக்கேள்வியைக் கேட்டதற்கு நம் பேலியகொடையிலேயே ஓர் உதாரணம் உண்டு. யுத்தம் முடிந்த மறு ஆண்டு, 1946இல், இங்குள்ள வித்தியாலங்காரப் பிரிவெனாவின் பிக்குமார் ஒரு பிரகடனம் வெளியிட்டனர். மக்களின் நலனுக்கான அரசியலில் ஈடுபடுவது துறவிக்கும் உரியதே என்பது அதன் சாரம். ஏடுகளோடு இருக்க வேண்டியவர்கள் வீதிக்கு வருவதா என்று அன்றைய பெரியோர் பலர் சினந்தனர். அப்பிரகடனத்தின் வழிவந்த பிற்கால அரசியல் சென்ற திசைகளோடெல்லாம் நாம் உடன்படுவதில்லை. தமிழ் பேசும் மக்கள் அதனால் பட்டதும் நமக்குத் தெரியும். ஆனால் கல்விக்கும் மக்களின் வாழ்வுக்கும் இடையே சுவர் இல்லை என்ற அடிப்படை பொய்யன்று. அச்சுவர் இல்லாத இடத்தில், கல்வி எந்த மக்களை நோக்கி நடக்கின்றது என்பதை நாடோறும் கேட்டுக்கொள்வதே பொறுப்பு.

இன்று நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பொறியியலாளராகக் கனவு காண்கின்றனர். தாய்மாரும் தந்தைமாரும் அதற்காகவே வயிற்றைக் கட்டுகின்றனர். அக்கனவை நாம் மதிக்கின்றோம். ஆயுதமும், உளவுக் கருவியும், தொலைவிலிருந்தே மனிதரைக் கொல்லும் எந்திரமும் இன்றும் சம்பளத்துக்கு அறிவை வாங்குகின்றன. வாங்குவோர் எந்தப் பொறியியலாளனிடமும் கொலை செய் என்று கேட்பதில்லை. இந்த வால்வைச் சற்றுத் திருத்திக் கொடு என்றே கேட்கின்றனர்.

ஆகவே ஆசிரியத் தோழர்களே, ஆர்க்கிமிடீசின் தத்துவத்தைக் கற்பிக்கும் நாளில், நீரின் நடுவே அசையாது நின்ற அந்தக் கப்பலையும் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். மேலுதைப்பை விளக்குங்கள், அழுத்தத்தைக் கணிக்கச் சொல்லுங்கள், ஆக்கியவரின் பெயரையும் மரியாதையோடு கூறுங்கள். பின்னர் அந்தப் படத்தின் மேற்பக்கத்தில், நீர்ப்பரப்பிலே, மிதந்துகொண்டிருக்கும் மனிதரையும் வரையுங்கள். அவர்களையும் சேர்த்துக் கணக்கிடும்வரை அந்தக் கணக்கு முடியவில்லை என்று மாணவருக்குச் சொல்லுங்கள்.